துடைத்ததில் மாறிய சத்தம்

குட்டிப்பையா,

உன் பேண்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். நீ கண் மூடியபின் வெளிவந்த அந்த இருட்டு ஆல்பத்தை ஊரே கேட்கிறதாம். கிதாரை வைத்துக் கத்திக்கொண்டிருந்த கூட்டம் உன் சிந்தசைசர் கீபோர்டால்தான் இப்படி மாறியதாம். அடுத்த ஆல்பத்துக்கும் அதே சத்தம் வேண்டுமென்று அந்தக் கீபோர்டைக் கேட்டார்கள்.

டிரம்ஸ்காரன் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு முழித்தான். "அம்மா, இந்தத் திருகுக் குமிழையெல்லாம் யாரு தொட்டது? அவன் வச்சபடி இருந்தாத்தான் அந்தச் சத்தம் வரும்."

தூசி படியக்கூடாதென்று தினமும் அழுத்தித் துடைத்தது நான்தான். துணியைக் காட்டி ஒப்புக்கொண்டேன்.

பாடுகிற பெண் ஒரு கட்டையை அழுத்தினாள். பால் பொங்கி வருகிற மாதிரி மெதுவாக ஒரு சத்தம் எழும்பியது. "துணியாலயே டியூன் பண்ணிட்டீங்களேம்மா! டேய், இதுலயே ஆரம்பிப்போம்டா" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

உனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறதா, கண்ணு?

உன் அம்மா