ஊதி ஆற்றிய ஓட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? என் குட்டிக்குச் சளி நின்றதா? நான் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே அரிசி நொய் போல உடைத்த ஓட்ஸ் கிடைக்கிறது. ஞாயிறு மாலை அதைத் துளி வெண்ணெயில் மணக்க வறுத்து, கொதிநீரில் போட்டு மூடிவிடுவேன். விடிவதற்குள் தானாகவே மலர்ந்திருக்கும். ஏலக்காயும் பேரீச்சையும் கலந்து ஐந்து பாட்டிலில் அடைத்தால், வாரம் முழுக்கக் காலைச் சாப்பாடு ஆயிற்று.

நேற்றுக் காலை ஒரு பாட்டிலைச் சுடவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி, எனக்கோ பாதித் தூக்கம். ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து, ஊதி ஆற்றி, உதட்டில் ஒற்றிச் சூடு பார்த்து, எதிரே நீட்டியிருக்கிறேன். எதிரே இருந்தது என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் அக்கா. அவர் சமர்த்தாக வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, "கதை சொன்னாதான்டி அடுத்த வாய்" என்றார். சிரித்த சிரிப்பில் இருவருமே பஸ்ஸை விட்டுவிட்டோம்.

போனில் என் குரல் கேட்டாலே குட்டி சோற்றைத் துப்பிவிட்டு அழுகிறாள் என்று சொன்னீர்களே, அதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள் அப்பா. ஒருநாள் அவளுக்கு ஊட்டும்போது எனக்குப் போன் போட்டு, பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். மூச்சுக் காட்டமாட்டேன். அவள் மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கண் சொருகுகிறது, நிறுத்துகிறேன். ஊட்டி முடித்ததும் போனை நீங்களே கட் பண்ணிவிடுங்கள். எனக்குக் கை வராது.

உங்கள் மகள்