லிஃப்ட் கயிறு எந்த நிதியில் சேரும்?

அனுப்புநர்:
வீட்டு எண் 5-சி உரிமையாளர் (தையல் தொழில்),
ஐந்தாம் மாடி.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
குடியிருப்போர் சங்கங்களின் பதிவு அலுவலகம்.

பொருள்: எந்த நிதியைத் தொடுவது என்ற சண்டையால் ஏழு வாரமாக லிஃப்ட் நிற்பது – உடனடி உத்தரவு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்பின் ஒரே லிஃப்ட் ஏழு வாரங்களாகத் தரைத்தளத்தில் நிற்கிறது. என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

2. முதல் நாளே மெக்கானிக் வந்து பார்த்து, "கயிறு தேஞ்சு போச்சும்மா, மாத்தினா ரெண்டே நாள்ல ஓடும்" என்றார். வாங்கப்போகும் கயிறு புதிது என்பதால் பெருஞ்செலவுக்கான இருப்பு நிதியில்தான் எடுக்க வேண்டும் என்கிறார் செயலாளர். லிஃப்ட் பழையது, ஆகவே மாதப் பராமரிப்பு நிதிதான் என்கிறார் பொருளாளர். இரண்டிலும் பணம் இருப்பதை இருவருமே மறுக்கவில்லை.

3. மூன்று கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில் விதிப் புத்தகத்தைத் தேடினார்கள். இரண்டாவதில் கண்டெடுத்தார்கள், அதில் லிஃப்ட் என்ற சொல்லே இல்லை. மூன்றாவதில் தேநீர் குறைவின்றி வந்தது. அந்தச் செலவு எந்த நிதி என்று எவரும் கேட்கவில்லை.

4. நானும் என் தம்பியும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்குகிறோம். தொண்ணூறு படிகள். கடந்த செவ்வாயன்று திரும்பி ஏறும்போது, மூன்றாம் மாடியில் செயலாளர் வீட்டு வாசலிலேயே நாற்காலியின் கால் முறிந்தது. நான் முழங்காலால் முட்டுக் கொடுத்ததால் அவர் உருளாமல் தப்பினார். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த செயலாளர், "பாத்தும்மா, மெதுவா" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டார்.

5. வியாழனன்று என் கணவர் எழ மறுத்துவிட்டார். "இன்னிக்கு வேணாம். உங்க ரெண்டு பேர் இடுப்பும் போயிடும்" என்றார். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சிகிச்சை நடக்கவில்லை. இன்று கால்கள் வீங்கியிருக்கின்றன. பேசினால் மூச்சு வாங்குகிறது.

6. ஐயா, எந்த நிதி என்பதைத் தாங்களே ஒரு வரியில் எழுதி உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அது தவறான நிதியாக இருந்தாலும், பிறகு கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

நாளை சிகிச்சைக்கு வருவதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கை இன்னும் எத்தனை முறை அவரிடம் வாங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நாள்: 17, வெள்ளிக்கிழமை
இடம்: மேற்படி குடியிருப்பு

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
5-சி உரிமையாளர்