எண்ணெய் வைத்த தலை

மார்ச் 11, செவ்வாய், இரவு

இன்று என் மூளைக்குப் பட்டாபிஷேகம் நடந்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயால் நின்றுபோனது. என் மறதி இதோடு நிற்குமா, முற்றி டிமென்ஷியாவாகுமா என்பதை மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து முன்கூட்டியே கணிக்கப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்காக அக்கா மகள் கீதா பெங்களூரு வைட்ஃபீல்டிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அந்த டிராபிக்கைத் தாண்டுவதற்குள் மூன்று மன்னர்கள் பட்டத்துக்கு வந்து போயிருப்பார்கள்.

ஒயர் ஒட்ட வந்த பெண் என் தலையைத் தொட்டாள்.

"அங்கிள், இதுல பஜ்ஜியே போடலாம். ஒயர் நிக்காது. ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு நாளைக்கு வாங்க."

வெளியே வந்ததும் கீதா மெதுவாகக் கேட்டாள்.

"எண்ணெ வைக்காதீங்கன்னு நேத்தே சொன்னேனே மாமா. மறந்துட்டீங்களா?"

"மறக்கல. எண்ணெ வெச்சுத் தலை சீவாம நல்ல காரியத்துக்கு நான் வாசல் தாண்டினதே இல்ல. உன் பேச்சை மீறினேன், அவ்வளவுதான்."

சிரித்தாள், முழுதாக இல்லை.

மீறினேன்தான். பிறந்தது முதல் யார் பேச்சையும் கேட்காத மூளை இது. நாளை இதன் அலைகளைப் பார்த்து அந்த மெஷினே எழுந்து நின்று கும்பிடும்.

எண்ணெய் பாட்டிலை மட்டும் கீதாவிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்.