பெரிய மைதானமா, சின்னதா?

பிப்ரவரி 9, ஞாயிறு

துபாயில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த சலீம் அண்ணன் காலையில் போன் செய்தார். அடுத்த மாதம் பெங்களூரில் இருவரும் கோல்ஃப் ஆடலாமாம். எந்த மைதானம் என்று இவரையே முடிவு செய்யச் சொன்னார். பெரியதில் பதினெட்டு குழி, நடுவே ஏரி. சின்னதில் ஒன்பதுதான், சமதரை.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இவர் மட்டையைத் தொடவே இல்லை. ஆனாலும், "பெருசையே போட்டுடலாம்" என்றார். முட்டியைப் பற்றிப் பேசினாலே சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார்.

சாயங்காலம் ரிஷிவந்தியத்தில் அறுவடை முடிந்த எங்கள் வயலுக்கு என்னையும் கூட்டிப்போய் அடித்துப் பார்த்தார். முன்பெல்லாம் பந்து வாய்க்காலுக்கு அப்பால் போய் விழும். இன்று பக்கத்து வரப்பைக்கூடத் தாண்டவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இன்னா பண்லாம்ங்க?" என்றேன்.

சலீம் அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சலீமு, என்னால முன்ன மாரி அடிக்க முடில. சின்னதுக்கே போலாம்."

"நல்ல வேள, நீயே சொல்லிட்ட. எனக்கும் முதுகு வலி ஜாஸ்தி. நீ பெருசு கேப்பியோன்னு பயந்துகினு இருந்தேன்" என்றார் அண்ணன்.

இவர் வாய்விட்டுச் சிரித்தார். கேட்டு எத்தனை நாளாயிற்று. பிறகு இருட்டும்வரை அடித்துக்கொண்டே இருந்தார். பாதிப் பந்துகள் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், தைலம் தேய்த்துவிடச் சொல்லி அவராகவே காலை நீட்டினார்.

தூங்கிவிட்டார். எனக்கும் கண் சொக்குகிறது.