எந்தக் குரலுக்குக் கதவைத் திறப்பது

ஏரிக் காவல் சாவடி, ஜூன் 9

அன்புள்ள சவ்சனுக்கு,

கழுதைக்காரன் கொண்டுவந்த ரொட்டியும் உலர்ந்த மல்பெரியும் கிடைத்தன. மூட்டையில் நீ போட்ட முடிச்சை அவிழ்க்கவே அரை மணி ஆனது. இந்த மலையில் என்னைத் தவிரத் திருட யார் இருக்கிறார்கள்?

ஏரி இரண்டு முழம் ஏறிவிட்டது. கரையில் புதிதாக ஒரு கசிவு. எனக்குப் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை சோதனைக்காக எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தினேன். ஒலிபெருக்கி ஊரில் கேட்டதா? எத்தனை பேர் தர்கா மேட்டுக்கு ஓடினார்கள்?

உன் கதம்ஷோ

பார்தங் கிராமம், ஜூன் 14

ரைஹோனின் அப்பாவுக்கு,

கேட்டது. ஓடியது நானும் மகள் ரைஹோனும் மட்டும்தான். மற்றவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள்.

உங்கள் சித்தப்பா மிர்ஸோவிடம் போய்ச் சண்டை போட்டேன். "ரஷ்ய மொழியில 'வீட்ட விட்டு வெளிய வா'ன்னு கத்துது. எனக்கு ஆறு வயசுல இப்படித்தான் கத்துச்சு. வந்தோம். சோவியத்துக்காரன் லாரியில ஏத்தி, மலைக்குக் கீழ பருத்திக்காட்டுல வேலைக்கு இறக்கிட்டான். அக்கா ரெண்டு பேரும் காய்ச்சல்ல போய்ட்டாங்க. மறுபடி வெளிய வர நான் என்ன மடையனா? நம்ம ஆளு நம்ம பேச்சுல 'தர்காவுக்கு வாங்க'ன்னு சொல்லட்டும், உனக்கு முன்னால ஓடுறேன்" என்றார்.

நம் பேச்சில் பதிய முடியாதா?

சவ்சன்

சாவடி, ஜூன் 23

சவ்சனுக்கு,

அலுவலகத்தில் கேட்டேன். நாலு ஊர் பேசும் பேச்சுக்குத் தனிப் பதிவா என்று சிரித்தார்கள்.

இந்தப் பொத்தானுக்கு ரஷ்ய மொழி மட்டும்தான் தெரியும். நாமே பேச வேண்டுமென்றால் கீழே மலையிடுக்கில் இருக்கும் ஒலிபெருக்கிக் கம்பத்துக்குப் போக வேண்டும். மைக் அங்கேதான், ஆற்றை ஒட்டி. இங்கிருந்து ஒரு மணி நேர நடை. கசியும் நீர் இன்று கலங்கலாக வருகிறது; கரையை உள்ளே அரிக்கிறது போல.

கதம்ஷோ

பார்தங், ஜூன் 28

ரைஹோனின் அப்பாவுக்கு,

அந்த இடுக்குக்குப் போகாதீர்கள். தண்ணீர் வந்தால் முதலில் அங்கேதான் வரும். வீடு வீடாகப் போய் அந்த ரஷ்ய வாக்கியத்தின் பொருளைச் சொல்லித் தருகிறேன். சித்தப்பா என்னை "டீச்சரம்மா" என்று கேலி செய்கிறார். செய்யட்டும். போகமாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

சவ்சன்

தர்கா மேடு, ஜூலை 5

ரைஹோனின் அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து அந்த ஒரு வரி வரவில்லை.

நேற்றுக் காலை ரஷ்யக் குரல் வந்தது. மறுபடியும் கதவுகளைச் சாத்தினார்கள். தட்டித் தட்டி என் கை வீங்கிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து உங்கள் குரல். "சித்தப்பா, நான் கதம்ஷோ பேசுறேன். தண்ணி வருது. எல்லாரையும் தர்காவுக்குக் கூட்டிட்டு ஓடுங்க." மூன்று முறை சொன்னீர்கள். மூன்றாவது முறை உங்கள் பேச்சுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும்.

எல்லோரும் இங்கே இருக்கிறோம். ஒருவர்கூடக் குறையவில்லை. பள்ளிக்கூடமும் நம் வீடும் போய்விட்டன. அப்பா மேலே சாவடியிலிருந்து பேசினார் என்கிறாள் மகள். நான் மறுக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கழுதைக்காரன் வாங்க மாட்டேன் என்கிறான். இடுக்கில் பாதையே இல்லையாம்.

விடிந்ததிலிருந்து சித்தப்பா அந்த இடுக்கைப் பார்த்து நின்று, தொண்டை கட்டிய பிறகும், நம் பேச்சில் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

சவ்சன்