மீன் தொட்டியில் போட்ட வெள்ளைக் கல்

ஏங்க,

மீனுகளைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன். "தண்ணி மாத்தத் தெரியாம நீதான் கொன்ன"ன்னு நேத்து கத்தினீங்க.

மேஜை மேல தட்டுல, தொட்டியில கிடந்த ஒரு வெள்ளைக் கல்லும் அரை எலுமிச்சம்பழமும் இருக்கு. பிழிஞ்சு பாருங்க, சோடா மாதிரி நுரைக்கும். சுண்ணாம்புச் சத்து. அதுதான் கரைஞ்சு கரைஞ்சு தண்ணியைக் கெடுத்திருக்கு. ஏஞ்சல் மீனுக்கு அது ஆகாதாம், எங்க ஸ்கூல் கெமிஸ்ட்ரி டீச்சர் சொன்னாங்க.

உங்கம்மா கல்லறைக்குப் போட்டு மிஞ்சின கல்லு. தொட்டியில கிடந்தா அம்மா வீட்டுலயே இருக்காப்புல இருக்குன்னு சொன்னீங்க. அதான் தூக்கி எறியல. அம்புட்டையும் அள்ளிக் கழுவி மாடியில காயப் போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கல்லறையைச் சுத்திப் பரப்பிருவோம்.

தொட்டிக்கு ஆத்து மணல் சலிச்சு வச்சிருக்கேன். அதுலயும் எலுமிச்சை பிழிஞ்சு பாத்துட்டேன், கம்முன்னு இருக்கு. நீங்களே கொட்டுங்க, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், மணலைக் கொட்டினாப் போதும்.

வடமதுரையில பரீட்சை ட்யூட்டி. வர ஏழு மணியாகும். சோறு ஹாட்பாக்ஸுல இருக்கு, வெஞ்சனத்தைச் சுட வச்சுக்கங்க.

ஜெசிந்தா

பி.கு.: பொழைச்ச ஒரு மீனு பச்சை வாளியில இருக்கு. வாளியை மூடியிருக்கிற தட்டை எடுத்துடாதீங்க, பூனை சுத்துது.

இன்னொண்ணு. ஒரே ஒரு கல்லை மட்டும் டிவி மேல, அம்மா போட்டோகிட்ட வச்சிருக்கேன். தண்ணி படாம இருந்தா அது யாரையும் ஒண்ணும் செய்யாது.