பதினாறு உரப் பைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அதை வேண்டிக்கொள்ளாமல் எனக்குப் பேனா ஓடாது. பார்சல் பெரிதாக இருக்கிறதே, அம்மா ஏதோ ஆசையாகத் தைத்து அனுப்பியிருக்கிறாள் என்று கத்தரிக்கோலைத் தேடாதே. தைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். முதலில் கடிதத்தை முழுக்கப் படி, பிறகு பிரி. போனிலேயே சொல்லியிருக்கலாம், சொன்னால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய்.

நீ வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் சமையலறையில் நின்றுகொண்டு எனக்கு வகுப்பு எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா. ஈரக் குப்பைக்கு ஒரு வாளி, காய்ந்த குப்பைக்கு ஒரு வாளி, பேட்டரி பல்பு எல்லாம் தனி டப்பா. காய்கறி கழுவின தண்ணீர் செடிக்கு. ஷவரை மூடிவிட்டு வாளியில் குளி. ஆள் இல்லாத அறையில் விளக்கு எதற்கு, பக்கத்துத் தெருவுக்கு ஆட்டோ எதற்கு, கடைக்குப் போனால் துணிப்பை எடுத்துக்கொண்டு போ. இவ்வளவு பெரிய நகரத்தில் நான் ஒருத்தி செய்து என்னடி ஆகப்போகிறது என்று கேட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ செய்ம்மா, உன்னைப் பார்த்து நாலு பேர் செய்வாங்க, இதுல பொய்யே கிடையாதும்மா, போட்டது அப்படியே மண்ணாகும்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இறங்கினேன்.

இறங்கினேன் என்றால் சும்மா இல்லை. தையலில் மிஞ்சிய துண்டுத் துணியை எல்லாம் ஒட்டுப்போட்டு வீட்டுக்கு இரண்டு பை என்று கட்டடம் முழுக்கக் கொடுத்தேன். மொட்டை மாடியில் மூன்று உரத் தொட்டி வைத்து, ஒன்பது வீட்டு ஈரக் குப்பையையும் மூடி போட்ட வாளியில் வாங்கினேன். வாளியைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் கிடந்தால் திருப்பி அனுப்பினேன், அதனால் வாண்டுகள் எனக்குக் குப்பை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டன, வைத்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று சிரித்துக்கொண்டேன். இரண்டாம் மாடி நர்ஸ் மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. "அக்கா, நாம பிரிச்சுக் கொடுப்போம், எங்கேயோ கொண்டுபோய் ஒண்ணாக் கொட்டுவாங்க, எனக்கு ஆஸ்பத்திரியில பார்க்கிற ஏமாத்து வேலை போதும்" என்பாள். நான் அவளிடம், வேறு யாரையும் நம்ப வேண்டாம், என்னை நம்பு, இது என் கண் முன்னால் நடக்கிற வேலை என்று சொல்லித்தான் அவள் வாளியை வாங்கினேன். என்னை நம்பு என்று என் வாயால் சொன்னேன்டி.

அப்புறம்தான் என் முழங்கால் மக்கர் பண்ணியது உனக்குத் தெரியும். கீழ் வீட்டில் இருக்கிற நான் மொட்டை மாடிக்கு அறுபத்தெட்டுப் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கப்பா தானாக முன்வந்து, "நான் பார்த்துக்கறேன், முப்பது வருஷம் ஆஸ்பத்திரியையே சுத்தமா வெச்சிருந்தவன், மூணு தொட்டி எனக்குப் பெரிசா" என்றார். தினமும் காலையில் வாளிகளோடு படியேறுகிற சத்தம் கேட்கும், எனக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். இரண்டு மாதம் கழித்து ஒரு தட்டில் உரம் கொண்டுவந்து காட்டினார். கறுகறுவென்று, பொலபொலவென்று, மோந்து பார்த்தால் மழை பெய்த மண் வாசனை. அதைப் பொட்டலம் கட்டி ஒன்பது வீட்டுக்கும் கொடுத்தேன், மாதாமாதம் கொடுத்தேன். உனக்கும் பக்கம் பக்கமாக எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய், "நீ கை வெச்சா எல்லாம் பொன்னுதாம்மா" என்று போட்டாய். அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். நர்ஸ்கூட அந்த உரத்தில் தக்காளி வளர்த்து, முதல் பழத்தை என்னிடம் கொடுத்து, "நான்தான்க்கா சந்தேகப்பட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

போன மாதம் பக்கத்துக் கட்டடத்தார் வந்து, எங்கள் இருபத்திரண்டு வீட்டிலும் இதைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நீங்கள் வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களுக்குக் கொடுக்க விதை வாங்கலாம் என்று மெதுவாக நடந்தே நாற்றுப் பண்ணைக்குப் போனேன், துணிப்பையோடுதான் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "என்னம்மா, இந்த மாசம் ஐயா உர மூட்டை எடுக்க வரலையே, உங்க பொண்ணு ரெண்டு மூட்டைக்குப் போன்ல சொல்லிட்டாங்களே, எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். பாவம், அந்த மனுஷன் நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னார். நான் விதை வாங்காமல் திரும்பி வந்தேன்.

வந்ததும் படியேறினேன். ஆமாம், அறுபத்தெட்டுப் படியும். மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வலியில் இல்லை. மொட்டை மாடியில் என் மூன்று தொட்டியும் இருந்தன. கழுவித் துடைத்து, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பளபளவென்று இருந்தன. குனிந்து மோந்து பார்த்தேன். பினாயில்.

உங்கப்பாவைக் கேட்டேன், கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பொறுப்பை எடுத்த இரண்டாம் வாரமே தொட்டியில் நாற்றம் வந்ததாம், மேல் மாடிக்காரர் மூக்கைப் பிடித்தாராம். அந்த மனுஷனுக்கு நாற்றம் என்றால் தெரிந்த மருந்து ஒன்றுதானே, ஒரு பாட்டில் பினாயிலை மொத்தமாக ஊற்றிவிட்டார். புழு, பூச்சி, உள்ளே வேலை செய்கிற அத்தனையும் போய்விட்டது. இதுவரை எனக்குக் கோபமே இல்லை, இதை என்னிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவர் என்னிடம் சொல்லாமல் உனக்குப் போன் போட்டார். நீ, "அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கப்பா, மனசு உடைஞ்சிடுவாங்க, நான் கடையில சொல்லி ஏற்பாடு பண்றேன்" என்றாய். அன்றிலிருந்து பத்து மாதம், என் காதில் விழ வேண்டும் என்று வாளிகளோடு மேலே ஏறி, பின்பக்கப் படியால் இறங்கி, தெருமுனைப் பெரிய தொட்டியில் ஒன்பது வீட்டுக் குப்பையையும் கொட்டியிருக்கிறார். உரம் போடுவதைவிட இரண்டு மடங்கு வேலை இது! கடை உரம் வந்த பைகள் எங்கே என்றேன். காய்ந்த குப்பையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று, கழுவிக் காயவைத்து மடித்துப் பழைய சூட்கேஸில் அடுக்கி வைத்திருக்கிறார். பதினாறு பை. எல்லாம் பிளாஸ்டிக். நான் ஒரு கொத்துக் கீரைக்குக்கூடப் பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது என் கட்டிலுக்கு அடியில் பதினாறு பிளாஸ்டிக் பை.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன். ஒரு மன்னிப்பு கேட்பாய் என்று நினைத்தேன். நீ, "விடும்மா, சின்ன விஷயம், எல்லாரும் பிரிச்சுப் போடப் பழகிட்டாங்கல்ல, அதுதானே முக்கியம், கூட்டத்துல எதுவும் சொல்லிக்காதே" என்றாய். சின்ன விஷயமா? அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி எனக்கு மாதம் ஒரு தட்டு மண்ணைக் காட்டியிருக்கிறீர்கள். உங்கப்பா பயந்து செய்தார், அவரை எனக்குத் தெரியும். நீ யோசித்துச் செய்தாய். அம்மா நிஜத்தைத் தாங்க மாட்டாள் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் நீ. இதில் பொய்யே கிடையாது என்று சொன்ன வாய் உன் வாய்.

கூட்டத்துக்கு முன்னால் உங்கப்பா, "ஒரு வார்த்தை சொல்லிடாதே, அப்புறம் என்னால இந்தக் கட்டடத்துல தலை காட்டவே முடியாது" என்று கெஞ்சினார். நான் சொன்னேன். இரண்டு கட்டடத்து ஆளும் உட்கார்ந்திருக்க, எட்டு மாதமாக உங்களுக்கு நான் கொடுத்தது கடை உரம், உங்கள் குப்பை போனது தெருத் தொட்டிக்கு, நான் ஏமாந்தேன், உங்களையும் ஏமாற்றினேன் என்று சொன்னேன். உங்கப்பா பெயரை எடுக்கவில்லை. அவரே எழுந்து பினாயில் கதையைச் சொன்னார், இரண்டு பேர் சிரித்தார்கள், அவர் தலை நிமிரவே இல்லை. பக்கத்துக் கட்டடத்தார், யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள், இன்றுவரை யோசிக்கிறார்கள். நர்ஸ் என் பக்கம் திரும்பாமல் நாற்காலியை மடித்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.

தொட்டிகளை இப்போது கீழே மாடிப்படிக்கு அடியில் எனக்குக் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டேன். மறுநாள் ஒன்பது வாளிக்கு மூன்றுதான் வந்தது. மூன்றாவது நர்ஸுடையது. என் முகத்தைப் பார்க்காமல், "இந்தத் தடவை நானும் கூட நின்னு பார்க்கிறேன்க்கா" என்றாள். சரி, பார் என்றேன். வேறென்ன சொல்ல முடியும். அவள் பார்க்க நான் கொட்டி, காய்ந்த இலை தூவிக் கிளறிவிட்டேன். இப்போது லேசாக நாற்றம் வருகிறது, அதற்கு இன்னும் இலை போட வேண்டும், அவ்வளவுதான். இலை பொறுக்கிக்கொண்டு வருவது உங்கப்பா. பினாயில் பாட்டில் என் தையல் மிஷின் டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. அவரோடு சாப்பிட வாருங்கள், மருந்து போட்டீர்களா என்ற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. உன்னோடு அதுவும் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அவளுக்கு ஒரு போன் போடு. என் முழங்கால் அன்றைக்கு ஏறினதில் வீங்கி இப்போது வற்றிவிட்டது.

இனி பார்சலைப் பிரி. கடையில் வாங்கின பொருளின் பையைத் தூக்கி எறியாதே, யார் வாங்கினார்களோ அவர்கள்தான் அதற்குப் பொறுப்பு என்று நீ அந்த வகுப்பில் சொன்னாய். இந்தப் பதினாறும் நீ வாங்கினது. எல்லாவற்றையும் பிரித்து, வெட்டி, உனக்கு ஒரே பையாகத் தைத்திருக்கிறேன், 'இயற்கை உரம்' என்ற எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. அங்கே கடைக்குப் போகும்போதெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு போ. யாராவது என்ன பை இது என்று கேட்டால் உள்ளதைச் சொல்.

நீ நோய்நொடி இல்லாமல், மனசில் ஒளிவு மறைவு இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஆள் இல்லாத அறையில் விளக்கை அணை. அடுத்த தடவை எதுவானாலும் முதலில் என்னிடம் சொல், நான் உடைந்துபோக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத,
அம்மா

பி.கு.: கைப்பிடிக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். சீக்கிரம் கிழியாது.